திங்கட்கிழமை வேலையை விடுகிறேன், அக்கா

(அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டியூவம் என்ற சின்ன ஊர். அக்கா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். தம்பி மேண்டலினும் கையுமாக நுழைகிறான். வயது நாற்பத்தெட்டு, உட்காரும்போது முட்டி சத்தம் போடுகிறது.)

தம்பி: அக்கா, திங்கட்கிழமை வேலையை விடுகிறேன். இசைக்குழு ஆரம்பிக்கப் போகிறேன்.

அக்கா: எட்டுத் தந்தியில் இரண்டு அறுந்து தொங்குகிறதே?

தம்பி: சுருதி சேர்க்கும்போது ஆர்வம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதை விடு. சா டாக்டர்ஸ் ராக் குழுவை நினைத்துப் பார். நம் ஊர்ப் பையன்கள், 1986ல் ஆரம்பித்தார்கள். டேவி கார்ட்டன் துணி ஆலையில் வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் பங்க் குழுவில் பாடியவர். லியோ மொரான் ரெகே குழுவிலிருந்து வந்தவர்.

அக்கா: நீ எந்தக் குழுவிலிருந்து வருகிறாய்?

தம்பி: சர்ச் காயர்.

அக்கா: அங்கிருந்து பாதிரியாரே உன்னைக் கும்பிட்டு அனுப்பினாரே, அதுவா?

தம்பி: கலைஞனை ஊர் முதலில் மதிக்காது, அக்கா. அவர்களுடைய முதல் சிங்கிள் 'என்17', நம் ஊர் ரோட்டின் பெயர். வாட்டர்பாய்ஸ் குழுவின் மைக் ஸ்காட் தயாரித்தது. 1989ல் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் 'ஐ யூஸ்டா லவர்' வந்தது பார், அயர்லாந்துப் பாட்டு வரிசையில் ஒன்பது வாரம் முதலிடம்!

அக்கா: ஒருவன் கோயிலில் பூசையைக் கவனிக்காமல், நற்கருணை வாங்கப் போகிற பெண்ணின் பின்னழகைக் கவனித்த பாட்டுதானே? நாடே ஒன்பது வாரம் பாடியது. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தம்பி: அந்த வேகத்தில் 'என்17'ஐ மறுபடி வெளியிட்டார்கள். அதுவும் முதலிடம். 1991ல் முதல் ஆல்பம்.

அக்கா: அதன் பெயரைச் சொல்லு.

தம்பி: (முணுமுணுப்பாக) 'இஃப் திஸ் இஸ் ராக் அண்ட் ரோல், ஐ வான்ட் மை ஓல்டு ஜாப் பேக்.'

அக்கா: சத்தமாகச் சொல்லு, மேனேஜருக்கும் கேட்கட்டும். பேர் வாங்கியவர்களே பழைய வேலையைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். நீ பேர் வாங்குவதற்கு முன்னாலேயே வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாய்.

தம்பி: அது கிண்டல், அக்கா. பணம் இல்லாமலா போயிற்று? கீபோர்டு வாசித்த டோனி லாம்பர்ட்டைப் பார். 1993ல் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல்!

அக்கா: கச்சேரியிலா வந்தது?

தம்பி: ...லாட்டரியில்.

அக்கா: விழுந்ததும் என்ன செய்தார்?

தம்பி: குழுவை விட்டுப் போய்விட்டார்.

அக்கா: அந்தக் குழுவிலேயே வருமானம் பற்றித் தெளிவாக யோசித்தவர் அவர்தான்.

தம்பி: நீ நல்லதையே பார்க்க மாட்டாய். 2008ல் வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள்.

அக்கா: அதே வருடம் சுகபேப்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய பாட்டை இவர்கள் பாடி முதலிடம் பிடிக்கவில்லையா? வாழ்நாள் முடிந்தது என்று விருது கொடுத்தால், மறுபடி சின்னப் பெண்கள் பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

தம்பி: 2011ல் ஆங்கிலப் பாடகி பெட்டுலா கிளார்க்கோடு 'டவுன்டவுன்' பாடினார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த வயது. எனக்கு நாற்பத்தெட்டுதான்!

அக்கா: அந்த அம்மா 1964லேயே அந்தப் பாட்டை உலகம் முழுக்கப் பாடவைத்தவர். உன்னை எங்கள் தெருக்கோடி வரைக்கும்கூட யாரும் கேட்டதில்லை. கேட்ட நாய் ஒன்று, அதுவும் கூடவே பாடியது. சரி, பாட்டாவது எழுதினாயா?

தம்பி: எழுதினேன். அவர்களுக்கு என்17 என்றால் எனக்கு எம்17. கோர்ட் ஊரிலிருந்து டியூவம் வரை எம்18ஓடு சேர்த்து 2017ல் திறந்தார்களே, அந்த மோட்டார்வே.

அக்கா: (கத்தியைக் கீழே வைத்து) டேய், அவர்களுடைய என்17 பாட்டில் இருப்பவன் வேலை இல்லாமல் ஊரை விட்டுப் போனவன். எங்கேயோ நெரிசலான ரயிலில் உட்கார்ந்துகொண்டு இந்த ரோட்டையும் கல்சுவரையும் புல்லையும் நினைக்கிறான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பினார்கள், லண்டனில் அதைக் கேட்டு அழுதார்கள். டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போன ரோடு, அதனால்தான் ஒவ்வொரு கல்லும் மனதில் நின்றது. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிறவனுக்கு எந்தச் சுவர் தெரியும்?

தம்பி: என் பாட்டில் சுவர் இல்லை. தடுப்புக் கம்பி வருகிறது.

அக்கா: எவ்வளவு நேரப் பாட்டு?

தம்பி: பதினைந்து நிமிடம்.

அக்கா: ஏங்க ஆரம்பிப்பதற்குள் வழியில் இருக்கும் அதென்ரி ஊரைத் தாண்டிவிடுவானே!

தம்பி: அப்படியென்றால் இரண்டாவது சரணத்தை வெட்டிவிடட்டுமா?

அக்கா: சரணத்தை விடு. முன்னால் ஒரு டிராக்டரைச் சேர்.