வலைக்காரருக்கு வகுப்பெடுக்கும் அண்ணன்களுக்கு

முட்டுக்காடு வீடியோ பற்றி நான் மட்டும் ஏன் சும்மா இருக்கிறேன் என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

வீச்சுவலையில் விழுந்த மோரான் கெண்டையை, அதாவது நம்ம ஊர் டார்பனை, பையில் போட்ட பெரியவரை மறித்து, "இது ஸ்போர்ட் ஃபிஷ், விட்டுடணும், இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கிறார் நம்ம தூண்டில் குரூப் ஆள் ஒருவர். கேமரா ஓடுகிறது. பெரியவர் ஒன்றும் பேசாமல் வலையை உதறுகிறார். கீழே ஒரே இதயக்குறி மழை. அந்த மீன் அவர் வீட்டுக் குழம்பு, இல்லையென்றால் கைக்கு வரும் காசு. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காரன் பிழைப்புக்காரனுக்கு அறம் சொல்லக் கூடாது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

அதே அண்ணனின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். சுடு பாறையில் மீனைக் கிடத்தி ஒரு படம், தாடையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு ஒரு படம், கண்ணாடி மாட்டிக்கொண்டு இன்னொன்று. பிறகு 'சேஃப் ரிலீஸ்'. தண்ணீரில் விட்ட மீன் பக்கவாட்டில் சாய்ந்து போவது அவர் போட்ட வீடியோவிலேயே தெரிகிறது. அதற்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டார்பனைப் பிடித்தால் விட்டுவிடுகிறார்கள் என்று வாய்க்கு வாய் சொல்கிறீர்களே, ஃப்ளோரிடாவையே பேசுவோம். அங்கே இருப்பது அட்லாண்டிக் டார்பன், நூறு கிலோவைத் தாண்டும் வேறு இனம். 2013 முதல் அங்கே பிடித்ததை விட்டாக வேண்டும். சாதனைக்காகத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. அந்தச் சீட்டு இல்லாமல் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. இந்தச் சட்டம் யாருக்கு? தூண்டில்காரனுக்கு, அதாவது நமக்கு! அதைக் கொண்டுவந்து வலைக்காரர் தலையில் வைக்கிறீர்கள்.

"நீ மட்டும் யோக்கியனா, நீயும் கொக்கி போடுறவன்தானே?" போடுகிறேன். மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போடுகிறேன். மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கழற்றுகிறேன். அதற்காக யாருக்கும் நான் பாடம் எடுத்ததில்லை. மெல்லிய நூலில் பெரிய மீன் பிடிக்கும் 'லைட் டேக்கிள்' வீரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நூல் மெலிசாக ஆக ஆக மீனோடு மல்லுக்கட்டும் நேரம் நீளும், மீன் களைத்துப்போகும். ஃப்ளோரிடாவில் அப்படிக் களைத்த டார்பனைச் சுறா கவ்விக்கொண்டு போகிறது. இங்கே நீங்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து மீன் பிடிப்பது என்று நாம் பீற்றிக்கொள்கிறோமே, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த யூடியூப் சேனலும் இல்லை. கோவளம் பக்கத்து வலைக்காரர் ஒருவர். தண்ணீர் மேல் வெயில் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வெறுங்கண்ணோடு நின்று, "தம்பி, வெயில முதுகுல வாங்கு, ஆனா உன் நிழல தண்ணில போடாத" என்றார். அப்புறம் தாடையால் ஒரு திசையைக் காட்டினார். அங்கே வெள்ளியாக ஒன்று புரண்டது. டார்பன் காற்றை விழுங்க மேலே வரும். அதன் காற்றுப்பை நுரையீரல் வேலையும் பார்க்கிறது. அதனால்தான் பிராணவாயு குறைந்த கழித் தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கிறது. புரண்ட இடத்தில் ஃப்ளை என்னும் போலி இரையைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அதற்கு முன்னால் போடு என்று சொன்னவரும் அவர்தான். அவர் வாழ்நாளில் ஃப்ளை ராட் பிடித்ததில்லை. அறிவு இல்லாதவர்கள் என்று சொல்கிறீர்களே, இப்படிப்பட்டவரைத்தான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சமையல்காரருக்கு உப்பு அளவு சொல்லிக்கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"வலைக்காரங்க குஞ்சு மீனையும் அள்ளுறாங்களே?" சிலர் அள்ளுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். சின்னக் கண்ணி வலையைப் பற்றிப் பேச வேண்டியதுதான். அதற்கு மீனவர் சங்கம் இருக்கிறது, மீன்வளத் துறை இருக்கிறது. செல்போனை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது பேச்சு ஆகாது.

இதை குரூப்பில் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'சீன் பார்ட்டி'. ராட் விலை தெரியுமா, உனக்கு எதுக்கு ஏழை வேஷம் என்று ஒருவர். கூடவே தண்ணீரில் நின்றவர்கள், என் வண்டியில் வந்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவர்கூட "விடுப்பா, அவர் சொல்றதும் சரிதான்" என்று எழுதவில்லை. பரவாயில்லை. வலிக்கவில்லை என்று பொய் சொல்லவும் வரவில்லை.

மீன் மேல் அவ்வளவு அக்கறை என்றால் எண்ணூருக்கு வாருங்களேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து வலை, படகு, அலையாத்தி என்று எல்லாவற்றிலும் அப்பியது. வலைக்காரர் வாழ்நாள் முழுக்க வீசினாலும் அந்த அளவு நாசம் பண்ண முடியாது. அப்போது குரூப்பில் எல்லோரையும் கூப்பிட்டேன். நாற்றம் தாங்காது ப்ரோ என்று ஒருவர், அன்றைக்கு வேலை இருக்கிறது என்று மற்றவர்கள். முட்டுக்காட்டு அண்ணன் ஒரு கட்டைவிரல் போட்டார். அங்கே மீனோடு நின்றால் படம் நன்றாக வராதுதான்.