மூங்கில் ஸ்டாரை ஏன் விட்டோம்?

டிசம்பர் வந்தா சென்னை ராயபுரம், காசிமேடு வாசல்ல எல்லாம் கிறிஸ்துமஸுக்கு மடிச்சு விக்கிற அட்டை ஸ்டார்தான். கடல்காத்து ரெண்டு நாள் அடிச்சா மடிப்புல கிழியுது, பனியில ஊறித் தொங்கிடுது. பார்க்கவே வயிறு எரியுது.

மூங்கில் ஸ்டாருக்கு என்ன குறை? ஒரே நீளத்துல 10 குச்சி. அஞ்சஞ்சா கட்டினா ரெண்டு ஸ்டார். அஞ்சு முனையிலயும் ரெண்டையும் சேர்த்துக் கட்டி, உள்மூலை அஞ்சுலயும் அரைச் சாண் குச்சியை நிக்க வெச்சா வயிறு உப்பும். அந்த அஞ்சும் ஒரே உயரம் இல்லன்னா ஸ்டார் கோணிக்கும், மேல ஒட்டுற காத்தாடி பேப்பர் சுருங்கும். மைதாப் பசையில துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டாத்தான் பூச்சி அரிக்காது. ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். 60 வாட்ஸ் குண்டு பல்பு பேப்பரைக் கருக்கிடும்.

மூங்கில் சட்டத்தைப் பரண்ல போட்டா அடுத்த வருஷம் பேப்பர் மட்டும் மாத்தலாம். அட்டை ஸ்டார் ஜனவரியிலயே குப்பைக்குப் போகுது.