கேள்வி கேட்பவனைப் பாருங்கள்

மனிதன் என்றால் யார் என்று கேட்கும் அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். அந்த ரோபோவுக்கு உணர்ச்சி இருக்கிறதா, இல்லையா? எனக்கு அந்தக் கேள்வி அலுத்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த படங்கள் எல்லாம் ரோபோவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் உற்றுப் பார்க்கின்றன என்று நினைக்கிறேன்.

பிளேடு ரன்னர் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வந்தது, பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ஆரம்பத்திலேயே ஒரு விசாரணை வருகிறது. கண்ணுக்கு நேராக ஒரு கருவியை வைத்து, கண்பாவை எப்படி அசைகிறது என்று பார்த்து, இவன் மனிதனா இல்லை தயாரித்து விட்ட பொம்மையா என்று கண்டுபிடிக்கிறார்கள். பாலைவனத்தில் ஓர் ஆமை மல்லாந்து கிடக்கிறது, வயிறு வெயிலில் வேகிறது, நீ ஏன் உதவாமல் நிற்கிறாய் என்று கேட்கிறான் அதிகாரி. இரக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வி அது. ஆனால் கேட்கிறவன் முகத்தைப் பாருங்கள், சிகரெட் புகைக்கு நடுவே அவ்வளவு சலிப்பு. எதிரில் இருப்பவனுக்கு வியர்க்கிறது, பதறுகிறான், பதில் சொல்லத் தெரியாமல் திணறுகிறான். இரண்டு பேரில் யாருக்கு உயிர் இருக்கிற மாதிரித் தெரிகிறது?

கடைசியில் மழையில், இப்படித் தயாரித்தவர்களை வேட்டையாடும் கதாநாயகன் டெக்கார்டு கட்டட விளிம்பில் தொங்கும்போது, யாரைக் கொல்ல வந்தானோ அந்தச் செயற்கை மனிதன் ராய் பாட்டிதான் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான். அவனுக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் நான்கே வருடம், அதுவும் அந்த நிமிடத்தில் முடிகிறது. இவனைக் காப்பாற்றுவதால் அவனுக்கு ஒரு பைசா பிரயோசனம் கிடையாது. அதற்கப்புறம் அவன் பேசும் சில வரிகளை நடிகர் ரட்கர் ஹவர் தானே சுருக்கி, மழையில் கண்ணீர் போல என்ற வரியையும் தானே சேர்த்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு அந்தப் பேச்சைவிட அந்தக் கைதான் முக்கியம். ஆமையைத் திருப்பிப் போடுவாயா என்று கேட்டுக்கொண்டிருந்த உலகத்தில், திருப்பிப் போட்டவன் அவன் ஒருத்தன்தான்.

எனக்கு ஊர் செங்கோட்டை. 1956 நவம்பரில் மாநிலம் பிரித்தபோது நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம், ஆரியங்காவும் தென்மலையும் புனலூரும் கேரளப் பக்கம் போயின. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் உண்டு. கொரோனா சமயத்தில் புளியரை செக்போஸ்ட்டில் பாஸ் கையில் இல்லையென்றால் சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாலும் விட மாட்டார்கள். சட்டம் அப்படி, அங்கே நிற்பவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு, நீ யார் என்பதைக் காகிதம் முடிவு செய்வது எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த விசாரணைக் காட்சியை என்னால் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

2001: எ ஸ்பேஸ் ஒடிசி (1968) பார்த்தவர்கள் எல்லாரும் அதில் விண்கலத்தை நடத்தும் ஹால் 9000 கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். சரி, அதை ஒவ்வொரு பாகமாகக் கழற்றும்போது பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கெஞ்சி, கடைசியில் குரல் தேய்ந்து பாட்டுப் பாடும் காட்சி யாரையும் உலுக்கும். ஆனால் அதற்கு முன்னால் சின்னக் காட்சி ஒன்று உண்டு. ஒரு விண்வெளி வீரனுக்குப் பிறந்தநாள். பூமியிலிருந்து அம்மாவும் அப்பாவும் கேக் வைத்து வாழ்த்துப் பாடி அனுப்பிய வீடியோ ஓடுகிறது. அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்திருக்கிறான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இயக்குநர் குப்ரிக் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். வளைகுடாவிலும் பெங்களூருவிலும் பிள்ளைகள் இருக்கிற எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிவிட்டது. பார்த்துக்கொள்ள புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சேச்சி வந்து வீட்டோடு தங்கினார். ஆச்சி அவரை, எப்போதோ இறந்துபோன தன் மூத்த மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். முதலில் சேச்சி, நான் அவள் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் “என்ன அம்மா” என்று கேட்டுக்கொண்டே போக ஆரம்பித்தார். கஞ்சி ஊட்டும்போது ஆச்சி அந்த மகளின் சின்ன வயசுக் குறும்பையெல்லாம் சொல்லித் திட்டும், சேச்சி தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். சம்பளத்துக்கு வந்தவர்தான். அந்தப் பதிலை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் சோலாரிஸ் (1972) அதற்கப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. இறந்த மனைவி ஹாரி, கணவனின் நினைவிலிருந்து மறுபடி உருவாகி வந்து நிற்கிறாள். நீ அசல் இல்லை, நகல் என்று உடனிருக்கும் விஞ்ஞானி முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அவளோ தான் யார் என்று தெரியாமலேயே அன்பு காட்டுகிறாள், அவமானப்படுகிறாள், கடைசியில் கணவனுக்காகத் தன்னை விட்டுக்கொடுக்கவும் துணிகிறாள். அந்த விஞ்ஞானி செய்யாத எல்லாவற்றையும் அவள் செய்கிறாள்.

அடுத்து மலையாளப் படம் ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25 (2019, ரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள்). ஹாலிவுட் படங்களோடு இதைச் சேர்த்துச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. பையன்னூரில் தனியாக இருக்கும் பிடிவாதக்காரக் கிழவர், ரஷ்யாவில் வேலை பார்க்கும் மகன், அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவன் கொண்டுவந்து விடும் ரோபோ. முதலில் அதைக் கண்டாலே எரிந்து விழுகிற மனுஷன், கொஞ்ச நாளில் அதற்குச் சட்டையும் வேட்டியும் உடுத்தி ஊருக்குள் கூட்டிப்போகிறார். ரோபோவுக்குள் என்ன இருக்கிறது என்பதை விடுங்கள். சுராஜ் வெஞ்ஞாறமூடு அந்தக் கிழவருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுகிறாரே, அதைப் பாருங்கள். ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் யாருமே இல்லாமல் போனால் தகரத்தையும் மகனாக்கிக்கொள்வான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த மகன் மேல் கோபம் வந்தது, அப்புறம் அவன் மேலும் பரிதாபம் வந்தது.

எந்திரன் (2010) பற்றிக் கேட்பீர்கள். முதல் பாதி எனக்கு நிஜமாகவே பெரிய படம். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வருவதும், அத்தனை பேர் முன்னாலும் கேமரா முன்னாலும் நிற்க நேர்ந்த அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாவதும் தமிழ் சினிமாவில் வேறு யாரும் யோசித்திராத காட்சி. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த சிட்டிக்கு மானம் தெரியவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். சுற்றி நின்று படம் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா? வசனத்தில் பங்குள்ள சுஜாதா 2008லேயே போய்விட்டார், படத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கும் கிராஃபிக்ஸுக்கும் போனது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

கம்ப்யூட்டர் குரல் ஒன்றின் மேல் ஒருவன் காதல் கொள்ளும் ஹெர் (2013) எனக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை, கொஞ்சம் நீளம். ஆனாலும் இப்போது ராத்திரி முழுக்க சாட்பாட்டோடு பேசிக்கொண்டிருப்பவர்கள், அதற்கு உண்மையிலேயே என் மேல் அன்பா என்று தெரிந்துகொள்ளத் துடிப்பதற்கு முன்னால், பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துவிட்டு இதைப் பார்க்கலாம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், குஞ்ஞப்பனை முதலில் பாருங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர்களோடு. தமிழில் கூகுள் குட்டப்பா என்று 2022இல் வந்தது, என்றாலும் மலையாளத்திலேயே பாருங்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு சப்டைட்டில்கூடத் தேவைப்படாது. பிளேடு ரன்னர் பல வடிவங்களில் கிடைக்கிறது. 2007இல் வந்த ஃபைனல் கட்டைத் தேடி எடுங்கள். 1982இல் தியேட்டருக்கு வந்ததில் கதாநாயகன் குரலில் விளக்கம் வந்துகொண்டே இருக்கும், ராய் பாட்டி சாகும்போதுகூட நம்மை நிம்மதியாகப் பார்க்க விடாது.