டீசலுக்குப் பதில் அம்மோனியா: தொட்டியை மாற்றினால் போதாது

"அம்மோனியாவில் கார்பன் இல்லை, ஆகவே கப்பல்களுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது" என்கிறது, கப்பல்களில் டீசலுக்குப் பதில் அம்மோனியாவை எரிக்கலாம் எனும் ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சேமிப்பில் அம்மோனியாவுக்கே சாதகம்: மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும், ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 வேண்டும். ஆனால் ஒரு லிட்டர் திரவ அம்மோனியாவில் சுமார் 12.7 மெகாஜூல் ஆற்றல்தான், டீசலில் 36. அதே தூரம் ஓட மூன்று மடங்கு தொட்டி. சரக்கு இடம் போச்சு.

எஞ்சினில் தலைவலி வேறு. தானாகத் தீப்பற்ற 650 டிகிரி வேண்டும், சுடரும் மீத்தேனைவிடப் பல மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சித்தான் பற்றவைக்க வேண்டும். சரியாக எரியாவிட்டால் மிச்ச அம்மோனியாவோடு நைட்ரஸ் ஆக்சைடும் புகைபோக்கி வழியே வரும். அது கார்பன் டை ஆக்சைடைவிட (100 ஆண்டுக் கணக்கில்) சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும்; கொஞ்சம் கசிந்தாலே கணக்கு கவிழும். இணைப்புகளில் செம்பு, பித்தளை கூடவே கூடாது, அரித்துவிடும். காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) என்றாலே உயிராபத்து.

ஜப்பானின் ஹெகினான் அனல்மின் நிலையத்தில் 2024-ல் நிலக்கரியோடு 20 சதவீதம் அம்மோனியா கலந்து எரித்தார்கள், உண்மை. ஆனால் காற்றாலை மின்சாரத்தில் ஒரு கிலோ அம்மோனியா தயாரிக்க ஏறக்குறைய 10 யூனிட் செலவு. கொதிகலனில் எரித்தால் மின்சாரமாகத் திரும்பக் கிடைப்பது 2 யூனிட்! அதற்குப் பதில், அம்மோனியா தயாரிக்க உர ஆலைகள் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனை முதலில் இந்த மின்சாரத்தில் எடுக்கும் ஹைட்ரஜனாக மாற்றலாம்.