கேட்க ஒருத்தர் உட்கார்ந்தாத்தான் அது சாட்சியம்

ரெண்டாம் உலகப் போர் காலத்துல நாஜி ஜெர்மனி யூதர்களைக் கூட்டம் கூட்டமா கொன்ன ஹோலோகாஸ்ட்ல இருந்து தப்பிச்ச யூதர்கள் 2024 ஜனவரி கணக்குப்படி உலகம் முழுக்க ஏறத்தாழ 2,45,000 பேர்தான் உயிரோட இருந்தாங்க. அவங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தர்ற கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பு எடுத்த கணக்கு இது. அதுல பாதிப் பேருக்கு வயசு 86 அல்லது அதுக்கும் மேல. இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, இப்ப இருக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே அன்னைக்கு சின்னப் புள்ளைங்க. புள்ளைங்கள எங்க ஒளிச்சு வைக்கறதுன்னு தவிச்ச அப்பா அம்மா தலைமுறை எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு. அவங்க குரல் இருந்தா எங்கயாவது ஒரு டேப்ல இருக்கும், இல்லன்னா இல்ல.

கடைசி சாட்சிகளும் மறையறாங்கன்னு செய்தி வரும்போதெல்லாம் நாம ஒரு வருத்தத்தோட ஷேர் பண்ணிட்டுப் போயிடறோம். வயசானவங்க சாகறது இயற்கை, அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனா அவங்க நல்லாப் பேசிக்கிட்டு இருக்கற காலத்துலயே கதை தொலைஞ்சு போகுது பாருங்க, அதுதான் எனக்கு தாங்க முடியாத விஷயம். காரணம் ஒண்ணே ஒண்ணு, பக்கத்துல உட்கார்ந்து முழுசா கேட்க ஆள் இல்ல. சாட்சியத்துல பாதி சொல்றவரோடதுன்னா மீதிப் பாதி கேட்கறவரோடதுன்னு நான் உறுதியா நம்பறேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

டேவிட் போடர்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர். லாட்வியாவுல பொறந்த யூதர், அமெரிக்காவுல சிகாகோவுல வேலை. போர் முடிஞ்ச மறு வருஷமே, 1946ல, சொந்த முயற்சியில ஒரு ரெக்கார்டிங் மெஷினைத் தூக்கிக்கிட்டு ஐரோப்பா கிளம்பிட்டாரு. டேப் ரெக்கார்டர் கூட இல்லீங்க அது, வயர் ரெக்கார்டர், முடி மாதிரி மெல்லிசான ஸ்டீல் கம்பியில காந்தப் பதிவா குரல் ஏறும். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனின்னு அகதி முகாம் முகாமா போய் சுமார் 130 பேர்கிட்ட பேசினாரு, ஒன்பது மொழியில, கிட்டத்தட்ட 90 மணி நேரம். அந்தப் பதிவுகள்ல அவர் கேட்கற கேள்விகளைக் கவனிச்சா புரியும், அவருக்கே பல விஷயம் புதுசு. நாஜிகளோட ஆஷ்விட்ஸ் கொலை முகாம்ல ரயில் வந்து நின்னதும் என்ன நடந்துச்சு, எதுக்கு ஆளுங்களை ரெண்டு வரிசையா பிரிச்சாங்க, அந்த வரிசை எங்க போச்சுன்னு இன்னைக்கு ஸ்கூல் பசங்களுக்கே தெரிஞ்சதை அவர் அன்னைக்கு முதல் தடவையா கேட்கறாரு, சில இடத்துல நம்ப முடியாம திரும்பத் திரும்பக் கேட்கறாரு. பதில் சொல்றவங்களும் இதை முன்னாடி யாருக்கும் சொல்லிப் பழகினவங்க இல்ல. படம் பார்த்து, புஸ்தகம் படிச்சு, நாலு மேடையில பேசி மெருகேறின பேச்சு இல்ல அது.

அப்புறம் என்ன ஆச்சு? யாரும் பெருசா கண்டுக்கல. மனுஷன் விடாம அதுல 70 பேட்டிகளை இங்கிலீஷ்ல கொண்டு வந்து, தானே 16 வால்யூமா போட்டு லைப்ரரிகளுக்கு அனுப்பினாரு, 1961ல இறந்துட்டாரு. பல பத்தாண்டு கழிச்சுத்தான் அவர் வேலை பார்த்த காலேஜ் அதையெல்லாம் எடுத்து எல்லாரும் கேட்கற மாதிரி இணையத்துல போட்டுச்சு. பாரிஸ் பக்கத்துல எனோன்வில்ங்கற அகதி முகாம்ல பாட்டுகளை ரெக்கார்ட் பண்ண ஒரு ஸ்பூல் மட்டும் காணவே காணோம். அது எங்க இருந்துச்சு தெரியுமா, அமெரிக்காவுல ஆக்ரன் யூனிவர்சிட்டியில, டப்பா மேல ஊர் பேரைத் தப்பா எழுதி வச்சிருந்ததால ஒருத்தர் கண்ணுலயும் படாம கிடந்திருக்கு. கண்டுபிடிச்சு 2017ல வெளிய சொன்னாங்க. கம்பி கிடைச்சும் அதை ஓட்ட ஒத்து வர்ற மெஷின் கிடைக்காம, அதுக்குன்னே ஒண்ணைத் தயார் பண்ண வேண்டியதாச்சு. எல்லாத்தையும் இழந்து முகாம்ல உட்கார்ந்திருந்தவங்க பாடின பாட்டு, டப்பா மேல ஒரு பேரு தப்பானதால எழுபது வருஷம் ஊமையா கிடந்திருக்கு. ரெக்கார்ட் பண்றது ஒரு பாதி வேலைதான், அது என்னன்னு சரியா எழுதி வைக்கறது அடுத்த பாதி.

அந்தக் காலத்துல தப்பிச்சு வந்தவங்க பேச விரும்பலன்னு பொதுவா ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. பேச விரும்பாதவங்க இருந்தாங்க, உண்மைதான், ஆனா பேச ஆரம்பிச்சவங்களையும் 'நடந்தது நடந்து போச்சு, மறந்துட்டு வேலையைப் பாருங்க'ன்னு சுத்தி இருந்தவங்க அடக்கின கதையைத்தானே அவங்கள்ல அத்தனை பேர் பின்னாடி சொல்றாங்க. 1961ல ஜெருசலேம்ல ஐக்மன்ங்கற நாஜி அதிகாரி மேல விசாரணை நடந்தப்ப நூறு பேருக்கு மேல கூண்டுல ஏறி சாட்சி சொன்னாங்க, ரேடியோவுல ஊரே கேட்டுச்சு, அதுக்கப்புறம்தான் காது திறந்துச்சு. போர் வீரர்கள் விஷயமும் இதேதான். இங்கிலாந்துல ஹாரி பாட்ச்னு ஒருத்தர், முதல் உலகப் போர்ல பாஷன்டேல்ல சண்டை போட்டவர், கூட இருந்த மூணு சிநேகிதங்க 1917 செப்டம்பர்ல ஒரே ஷெல்லுல போனதைப் பார்த்தவர். அவர் அதைப் பத்தி வாய் திறந்தது 1998ல, நூறு வயசுல, பிபிசிக்காரங்க தேடி வந்து கேட்டப்ப. எண்பது வருஷம்! அப்புறம் 2009ல 111 வயசுல சாகற வரைக்கும் போர் எவ்வளவு அநியாயமான கொலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. 99 வயசுல அவர் போயிருந்தா அந்த மூணு பேர் கதை அவரோடவே போயிருக்கும்.

சரி, கேட்கறதுன்னா எப்படிக் கேட்கறது? இங்கதான் டோரி லாப் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மனசுல நிக்குது. அவரே சின்ன வயசுல முகாம்ல இருந்து தப்பிச்சவர், மனநல டாக்டர், 1979ல அமெரிக்காவுல நியூ ஹேவன்ல சாட்சியங்களை வீடியோ எடுக்க ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், அதுதான் இன்னைக்கு யேல் யூனிவர்சிட்டியில 4,400க்கு மேல பதிவு இருக்கற ஃபார்ச்சுனாஃப் ஆவணக் காப்பகம். எழுபதை நெருங்கின வயசுல ஒரு அம்மா, ஆஷ்விட்ஸ்ல 1944 அக்டோபர்ல கைதிங்க கலகம் பண்ணதைச் சொல்றாங்க. அதுவரைக்கும் சத்தமே இல்லாம பேசிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு உயிர் வந்த மாதிரி, பிணம் எரிக்கற கூடங்களோட நாலு புகைபோக்கியும் தீப்பிடிச்சு வெடிச்சுச்சு, ஜனங்க ஓடினாங்கன்னு சொல்றாங்க. பிறகு ஒரு கூட்டத்துல வரலாற்று ஆய்வாளர்கள் அந்த வீடியோவைப் பார்த்துட்டு, வெடிச்சது நாலு இல்ல ஒண்ணுதான், அதனால இந்தம்மா சாட்சியத்தை நம்ப முடியாதுன்னுட்டாங்க. லாப் ஒத்துக்கல. அந்தம்மா எண்ணிக்கைக்கு சாட்சி சொல்லல, நடக்கவே நடக்காதுன்னு இருந்த ஒண்ணு அந்த இடத்துல நடந்துச்சுங்கறதுக்கு சாட்சி சொல்றாங்கன்னாரு. நான் லாப் பக்கம்தான். எண்ணிக்கை முக்கியம் இல்லன்னு சொல்லல, ஹோலோகாஸ்ட் நடக்கவே இல்லன்னு மறுக்கறவன் முதல்ல பிடிக்கறதே எண்ணிக்கையைத்தான், அதனால அதை ஆவணத்தோட வச்சு சரிபார்த்து பக்கத்துல குறிப்பு எழுதணும். ஆனா அந்தம்மா பேச்சுல இருக்கற நாலை அழிச்சு ஒண்ணு ஆக்கக் கூடாது. திருத்தினா அது அவங்க சாட்சியமே இல்ல.

1994ல ஸ்பீல்பெர்க் ஆரம்பிச்ச ஷோவா ஃபவுண்டேஷன் இதைப் பெரிய அளவுல பண்ணுச்சு, சில வருஷத்துலயே 56 நாட்டுல, 32 மொழியில 50,000க்கும் மேல பேட்டி. அவங்க முறையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. பேட்டி முகாம்ல ஆரம்பிக்காது. தோராயமா அஞ்சுல ஒரு பங்கு போருக்கு முந்தின வாழ்க்கை, அஞ்சுல மூணு பங்கு போர்க்காலம், மீதி அதுக்கப்புறம். எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன தொழில், பண்டிகைக்கு வீட்டுல என்ன செய்வாங்க, எல்லாம் கேட்பாங்க. ஆரம்பத்துலயே பேரைச் சொல்லி எழுத்து எழுத்தா உச்சரிக்கச் சொல்வாங்க. அப்பா பேரு, அம்மா பேரு, கூடப் பொறந்தவங்க பேரு வரும்போதும் இப்படித்தான். எழுபது எண்பது வயசுக்காரங்க கேமரா முன்னாடி நிதானமா தங்கச்சி பேரை ஒவ்வொரு எழுத்தா சொல்றதைப் பாருங்க. அந்தத் தங்கச்சிக்கு கல்லறை கிடையாது, பேரு பொறிச்ச கல்லு கிடையாது, பல பேருக்கு ஒரு போட்டோ கூட கிடையாது. கடைசியில மிச்சம் இருக்கற போட்டோக்களை ஒண்ணொண்ணா கேமராவுக்குக் காட்டி இது யார், எந்த வருஷம்னு சொல்வாங்க, புள்ளைங்க பேரப் புள்ளைங்க பக்கத்துல வந்து உட்காருவாங்க. அந்த மனுஷரை வெறும் கொடுமைக்கு ஆளானவரா மட்டும் சுருக்கிடாம இருக்கறது இதனாலதான்.

இது போருக்கு அப்புறம் வந்த யோசனையும் இல்ல. போலந்துல யூதர்களை அடைச்சு வச்சிருந்த வார்சா கெட்டோவுக்குள்ளயே இம்மானுவேல் ரிங்கல்ப்ளும்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1940ல இருந்து ரகசியமா ஒரு குழுவை வச்சு எல்லாத்தையும் சேர்த்தாரு. டைரி, கட்டுரை, கடிதம் மட்டுமா, ட்ராம் டிக்கெட், மிட்டாய் சுத்தின காகிதம், ரேஷன் கார்டு வரைக்கும். தகரப் பெட்டியிலயும் பால் கேன்லயும் போட்டுப் புதைச்சாங்க. 1946ல ஒரு பகுதி, 1950ல ஒரு பகுதி கிடைச்சுச்சு, மூணாவது இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. குழுவுல இருந்த அறுபது பேர் சொச்சத்துல தப்பிச்சவங்க மூணே பேர். புதைச்சவங்கள்ல ஒரு பையன், டேவிட் கிராபர், 19 வயசு. உலகத்துக்குக் கத்திச் சொல்ல முடியாம போனதை மண்ணுல புதைக்கறோம்னு எழுதி உள்ளயே வச்சுட்டுப் போயிட்டான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு சேர்த்து வச்சிருக்கறப்பதான் இப்ப ஏஐ வச்சு இல்லாத முகத்தை உருவாக்கி, இல்லாத கதையை எழுதி, ஆஷ்விட்ஸ்ல செத்த குழந்தைன்னு முகநூல்ல லைக் வாங்க ஓட்டறாங்க. ஆஷ்விட்ஸ் நினைவகமே 2025ல இதை வெளிப்படையா கண்டிச்சாங்க. எனக்கு டெக்னாலஜி மேல கோபம் இல்ல. ஹோலோகாஸ்ட்ல இருந்து தப்பிச்ச பிங்கஸ் கட்டர்ங்கற முதியவரை ஆயிரத்துக்கும் மேல கேள்வி கேட்டு ஷூட் பண்ணி, நாம கேள்வி கேட்டா அவர் சொன்ன பொருத்தமான பதிலை எடுத்துக் காட்டற மாதிரி ஷோவா ஃபவுண்டேஷன் செஞ்சிருக்காங்க, ரொம்ப நல்ல வேலை, ஏன்னா அதுல வர்ற ஒவ்வொரு வார்த்தையும் அவர் வாயால சொன்னது. அவர் சொல்லாததை அவர் முகத்தை வச்சுச் சொல்ல வைக்கறது செத்தவங்களுக்குப் பண்ற துரோகம். ஒரு பொய்ப் படம் மாட்டினா போதும், மறுக்கறவன் ஆயிரம் உண்மைப் படத்தையும் பொய்யின்னு சொல்லிடுவான்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு மனசு போய் நிக்கற இடம் சயாம், அதாவது இன்னைக்கு தாய்லாந்து. அதே போர், அதே வருஷங்கள். ஜப்பான்காரன் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942ல தொடங்கி 1943 அக்டோபர்ல முடிச்சான். வேலை செஞ்ச வெள்ளைக்கார போர்க் கைதிகள் 60,000க்கு மேல, செத்தவங்க 12,000க்கு மேல. ஆசியத் தொழிலாளிகள் ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் இருக்கும்னும், அதுல 90,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னும் சொல்றாங்க. எல்லாமே உத்தேசக் கணக்கு, ஏன்னா பேர்ப் பட்டியலே கிடையாது. மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து போன தமிழர்கள் இதுல பெரிய பங்கு. போர்னால பால்வெட்டு நின்னு போய் பட்டினி கிடந்த சனம், சம்பளம் தர்றேன்னு சொன்னதை நம்பிப் போனவங்க உண்டு, லாரியில பிடிச்சுப் போட்டுக் கொண்டு போனவங்களும் உண்டு.

காஞ்சனாபுரியில போய்ப் பாருங்க, போர்க் கைதிகளுக்கு கிட்டத்தட்ட 7,000 கல்லறை, புல்லு வெட்டி பூச்செடி வச்சு அவ்வளவு சுத்தமா இருக்கும், பெரும்பாலான கல்லுல பேரு, ரெஜிமெண்ட், வயசு. அவங்களுக்கு அது வேணும், நான் குறை சொல்லல. அவங்ககிட்ட ராணுவப் பட்டியல் இருந்துச்சு, படிச்ச அதிகாரிகள் இருந்தாங்க, வியரி டன்லப் மாதிரி டாக்டர்கள் டைரி எழுதினாங்க, ஜாக் சாக்கர் மாதிரி ஆளுங்க மூங்கில் குழாயில ஒளிச்சு வச்சாவது படம் வரைஞ்சாங்க. போர் முடிஞ்சதும் விசாரணைக்கு வாக்குமூலம் வாங்கினாங்க, பின்னாடி லண்டன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் அருங்காட்சியகக்காரங்க ரெக்கார்டரோட வீடு தேடிப் போனாங்க. நம்ம ஆளு காலராவுல செத்தா எந்தத் தோட்டத்துக்காரன்னு கூட எழுதி வைக்க ஆள் இல்ல. திரும்பி வந்தவங்க பழையபடி லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) போய் பால் மரம் வெட்டினாங்க, பல வருஷத்துக்கு அவங்களைத் தேடி வந்து கேட்டவங்க ரொம்பக் கம்மி. பின்னாடி மலேசியாவுல சில தமிழர்கள் சொந்தக் காசைப் போட்டு மிச்சம் இருந்தவங்களைத் தேடிப் பேட்டி எடுத்தாங்க. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல இருந்து இருக்கு, ஜப்பான் காலத்தைப் பத்தி தமிழ்லயும் பேட்டிகள் எடுத்து வச்சிருக்காங்க. அந்த வேலை செஞ்ச ஒவ்வொருத்தருக்கும் நான் கையெடுத்துக் கும்பிடறேன்.

சயாமுக்குப் போனவங்க இன்னைக்கு அனேகமா இல்ல. ஆனா அப்பா போனதைப் பார்த்த புள்ளைங்க இருக்காங்க, எண்பதைத் தாண்டின வயசுல, பேராக்லயும் சிலாங்கூர்லயும் கெடாவுலயும். மலேசியா நண்பர்களே, உங்க தாத்தாவோ பாட்டியோ அந்த வயசுன்னா இந்த வாரமே போனை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உட்காருங்க. சயாம்ல ஆரம்பிக்காதீங்க, தோட்டத்துல ஆரம்பிங்க, எந்தத் தோட்டம், எந்த லயம், கிராணி (தோட்டத்து கிளார்க்) யாரு, ஊர்ல இருந்து எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு. போனவங்க பேரு, தகப்பன் பேரு, தமிழ்நாட்டுல எந்த ஊருன்னு தெளிவா சொல்லச் சொல்லுங்க. நடுவுல அழுதா ரெக்கார்டிங்கை நிறுத்தாதீங்க, அவங்களா நிறுத்தச் சொன்னா மட்டும் நிறுத்துங்க. ரீல்ஸுக்குன்னு வெட்டறதா இருந்தா காப்பியில வெட்டுங்க, ஒரிஜினல்ல கை வைக்காதீங்க. அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2000ல இருந்து போர் வீரர்கள் கதையைச் சேர்க்கறாங்க, அவங்க போட்ட விதியே குறைஞ்சது 30 நிமிஷம், எடிட் பண்ணாத பேட்டி. ஃபைல் பேர்ல பேசினவர் பேரு, தேதி, இடம் மூணும் இருக்கட்டும், போடரோட டப்பாவுக்கு நடந்தது இதுக்கும் நடக்க வேணாம். எழுதி எடுக்கறப்ப அவங்க பேசின தோட்டத் தமிழ்லயே எழுதுங்க, மலாய் வார்த்தை கலந்திருந்தா கலந்தபடியே. ஒரு காப்பி மலேசிய தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவுல குடுத்து வாங்கிக்குவாங்களான்னு கேளுங்க. பழைய கேசட்ல யாராவது பேசி வச்சிருந்தா முதல்ல அதை எடுங்க, பூஞ்சை பிடிச்சிருந்தா வீட்டு ப்ளேயர்ல போட்டு ஓட்டிப் பார்க்காம நேரா டிஜிட்டல் பண்றவங்ககிட்ட கொண்டு போங்க, ஒரு தடவை அறுந்தா அவ்வளவுதான்.