கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லையாம்

ஒரு கோடு வரைய வேண்டும், அவ்வளவுதான். வெப்பநிலைத் தரவைக் கிராஃபாகப் போட்டு ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும். கையில் இருந்தது ஜாவாவில் எழுதிய ஒரு பழைய பிளாட்டிங் மென்பொருள். உள்ளே கணக்குப் போடுவது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு.

திறந்ததுமே 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்', அதாவது லைப்ரரியை இணைக்க முடியவில்லையாம். சரி, ஜாவாவுக்கு லைப்ரரி இருக்கும் பாதையைச் சொல்லவில்லை, என் தப்புதான். பாதையைக் கொடுத்தேன். மறுபடியும் அதே எரர், 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று. ஃபோல்டரில் பார்த்தால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

ஒரு மணி நேரம் பெர்மிஷன், 32 பிட்டா 64 பிட்டா என்று நோண்டிய பிறகுதான், ஒரு லைப்ரரிக்கு வேறு எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளை ஞாபகம் வந்தது. இல்லாதது இந்த லைப்ரரி இல்லை. இது தேடும் இன்னொரு லைப்ரரி, லிப்ஜிஃபோர்ட்ரான், அதுவும் பதிப்பு 3. என் லினக்ஸில் இருப்பதோ 5. அதைக் கூடவே கொண்டுவரும் ஜிசிசி கம்பைலரின் பதிப்பு 8 வந்ததிலிருந்தே 5தான். இதை எரர் செய்தியும் சொல்லித்தான் இருந்தது, ஆனால் மூன்று முழ நீள வரியின் நடுவில். அதை யார் படிக்கிறார்கள்?

5க்கு 3 என்று பேர் வைத்து ஒரு சிம்லிங்க், அதாவது அந்தக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, போட்டேன். பேரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா? 'வெர்ஷன் இல்லை' என்று திருப்பி அடித்தது. அப்புறம் பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கி, உயிர் கொடுத்து, அதிலிருந்து அந்த 3ஐக் காப்பி எடுத்தேன்.

கிராஃப் வந்தபோது மணி ஒன்றரை. அனுப்பிய பிறகு பார்த்தால், ஒய் அச்சில் அலகு போடவில்லை.