ஐடிலிங் ஸ்க்ரூவுல கை வைக்க விடாதீங்க

பதினஞ்சு இருபது வருஷப் பழைய ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ வச்சிருக்கிறவங்க புலம்பல் பெரும்பாலும் ஒண்ணுதான். சிக்னல்ல நின்னா வண்டி உதறுது, என்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குது, இல்லன்னா பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனா பல இடத்துல நடக்கிற வைத்தியமும் ஒண்ணுதான். ஐடிலிங்னா ஆக்ஸிலேட்டர் மிதிக்காம நிக்கும்போது என்ஜின் ஓடற வேகம். அதை ஏத்தி இறக்கிற த்ரோட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை அரைச் சுத்து திருகிட்டு, "ஐடிலிங் ஏத்தி விட்டிருக்கேன் சார், இனிமே ஆஃப் ஆகாது." ஆகாதுதான். மைலேஜும் தேறாது.

கார்ப்பரேட்டர் வண்டியில இது முறையான வேலை. பிரீமியர் பத்மினியில அப்படித்தான் செட் பண்ணணும். எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலைத் தெளிக்கிற வண்டியில கதையே வேற. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் என்ஜினுக்குக் காத்து விடற த்ரோட்டில் தகடு மூடிக்கும். ஐடிலுக்கு வேண்டிய காத்து பக்கத்துல ஒரு சின்னப் பாதை வழியா போகும். அந்தப் பாதையை எவ்வளவு திறக்கணும்னு இசியூங்கிற என்ஜின் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், ஐஏசிங்கிற ஐடில் காத்து வால்வு திறக்கும். ஸ்க்ரூவைத் திருகி தகட்டைக் கொஞ்சம் திறந்தே வச்சுட்டா, டிரைவர் காலை வச்சிருக்கார்னு இசியூ நினைச்சுக்கலாம். அப்புறம் அது ஐடிலைக் கவனிக்கிறதையே விட்டுடலாம். ஃபேக்டரியில பெயின்ட் வச்சு அந்த ஸ்க்ரூவை அடையாளம் பண்ணியிருந்தா, அது அழகுக்கு இல்ல.

ஐடில் கோளாறுன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது காத்தைத்தான். ஒண்ணு, வரவேண்டிய காத்து வரல: த்ரோட்டில் பாடியிலயும் ஐஏசி பாதையிலயும் கரி. கழட்டி கிளீனர் போட்டுத் துடைச்சா பாதி வண்டி அங்கயே சரியாயிடும். இல்லன்னா, வரக்கூடாத காத்து உள்ள வருது: என்ஜின் காத்தை உறிஞ்சுற பக்கத்துல இருக்கிற வெடிச்ச ரப்பர் குழாய் (வேக்கம் ஹோஸ்), என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இழுத்து விடற பிசிவி வால்வு திறந்தே மாட்டிக்கிறது, காத்து போற மேனிஃபோல்டு குழாயோட தேஞ்ச கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ். நம்ம வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்தா ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும்?

மாருதி சின்ன வண்டிகள்ல மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கிற மேப் சென்சார் இருக்கும். அதனால திருட்டுக் காத்து வந்தாலும் அதுக்குச் சமமா பெட்ரோல் விழும், என்ஜின் சுத்துற வேகம் (ஆர்பிஎம்) ஏறும். தகடு மூடியிருந்தும் அந்த வேகம் அளவுக்கு மேல போனா இசியூ பெட்ரோலை நிறுத்தும். வேகம் இறங்கும், திரும்ப விடும். அந்த 'ஊங்... ஊங்...' சத்தம் இப்படியும் வரும். இதுக்குப் போய் ஐஏசி வால்வைப் புதுசா மாத்தினா காசுதான் கரியாகும். ஒவ்வொரு ஹோஸா பிளையர்ல லேசா அமுக்கிப் பாருங்க. எதை அமுக்கும்போது ஐடில் இறங்கி நிதானமாகுதோ, அந்தப் பக்கம் தேடுங்க. கிளீனர் அடிச்சு லீக் கண்டுபிடிக்கிறவங்க சூடான சைலன்சர் மேனிஃபோல்டுகிட்ட அடிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

ஸ்கேனர்ல எரர் கோடு வரலன்னா ஒண்ணுமில்லன்னு நம்பறதும் சரியில்ல. வெடிச்ச ஹோஸுக்குன்னு தனியா எந்தச் சென்சாரும் கிடையாது.

நான் ரொம்பக் கடுப்பாகிற விஷயம் தெர்மோஸ்டாட், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போற வழியில இருக்கிற வால்வு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு கழட்டித் தூக்கிப் போட்டுடறாங்க. அது சுமார் 80 டிகிரி வரைக்கும் மூடியிருந்து என்ஜினைச் சீக்கிரம் சூடாக்கத்தான் இருக்கு. அதை எடுத்துட்டா, பைபாஸ் ரோட்டுல போகும்போது என்ஜின் சரியா சூடே ஏறாது. இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு இசியூ பெட்ரோலைக் கூட்டும், ஐடிலையும் ஏத்தியே வைக்கும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கெட்டாலும் இதே அறிகுறிதான். புகையில பெட்ரோல் வாடை, கருத்த பிளக். வண்டியை வாங்கினவர் சென்சாரா மாத்திக்கிட்டே இருப்பார். தெர்மோஸ்டாட் இல்லங்கிறதே அவருக்குத் தெரியாது.

த்ரோட்டில் பாடியைச் சுத்தம் பண்ணினதும் ஐடில் கொஞ்சம் ஏறி நின்னா பயப்பட வேண்டாம். கரி இருந்த காலத்துக் கணக்கை இசியூ இன்னும் மறக்கல. பல வண்டிகள்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கொஞ்ச நேரம் கழட்டி மாட்டி, ஏசி லைட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் ஓடற வரைக்கும் சும்மா ஓட விட்டாப் போதும்.

ஏசி போட்டா மட்டும் உதறுது, சத்தம் சீராத்தான் இருக்குன்னா இன்ஜெக்‌ஷன் பக்கமே போகாதீங்க. என்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம், முதல்ல அதைப் பாருங்க.